பழைய விசித்திரச் சட்டங்களில் எதெல்லாம் நிஜம்?

நிலாமுற்றம் கேட்டது:

"உலகின் பைத்தியக்காரச் சட்டங்கள்" என்று ஒரு பட்டியல் வருஷக்கணக்கில் கைமாறிக்கொண்டே இருக்கிறது. பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் செத்துப்போவது குற்றம், ராணியின் தலை தலைகீழாக வரும்படி தபால்தலை ஒட்டினால் ராஜதுரோகம், கிறிஸ்துமஸ் அன்று மின்ஸ் பை என்ற இனிப்புப் பண்டத்தைத் தின்றால் குற்றம், செஸ்டர் நகருக்குள் ராத்திரியில் வேல்ஸ்காரர் யாராவது தென்பட்டால் அம்பு விடலாம். படித்துச் சிரித்து முடித்த பிறகு பார்த்தால் ஒன்றுக்கும் ஆண்டு கிடையாது, சட்டத்தின் பெயர் கிடையாது, எதற்காகப் போட்டார்கள் என்று ஒரு வரி கிடையாது.

எனக்கு வேண்டியது நிஜமாகவே சட்டப் புத்தகத்தில் ஏறிய விசித்திரங்கள். ஆண்டு சொல்ல முடிய வேண்டும், காரணமும் தெரிந்தால் ரொம்ப நல்லது. ஒரு சட்டம் ஏன் பிறந்தது என்று தெரியும்போதுதான் அது முழுசாகச் சிரிப்பு மூட்டுகிறது, சில சமயம் சிரிப்பு நின்றும் போகிறது. எந்த நாடானாலும் சரி, தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

கல்வெட்டு பதில்:

நீங்கள் சொன்ன நான்குமே நிற்காது. இங்கிலாந்தின் சட்ட ஆணையம் இதே மாதிரியான கதைகளைச் சலித்துப் பார்த்து 2013-ல் ஒரு குறிப்பே வெளியிட்டது. நாடாளுமன்றத்தில் சாவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் எந்தக் காலத்திலும் இருந்ததற்குத் தடயம் இல்லை. சொல்லப்போனால் 1812-ல் பிரதமர் ஸ்பென்சர் பெர்சிவல் மக்களவையின் முகப்புக் கூடத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார், அவர் மேல் யாரும் வழக்குப் போடவில்லை. தபால்தலை சமாச்சாரமும் அப்படித்தான். 1848-ன் ராஜதுரோகச் சட்டம் மன்னரைப் பதவியிலிருந்து இறக்க முயல்வதைத்தான் குற்றம் என்கிறது, அவசரத்தில் தலைகீழாக ஒட்டுகிறவரை அது கண்டுகொள்வதில்லை.

மற்ற இரண்டுக்கும் மட்டும் ஒரு துளி மூலம் உண்டு. 1644-ல் கிறிஸ்துமஸ் நாள், நாடாளுமன்றம் ஏற்கெனவே விதித்திருந்த உபவாச நாளில் வந்து விழுந்தது. அந்த ஒரு நாள் விருந்து கூடாது என்றானது, அதற்கு மேல் மின்ஸ் பையை யாரும் தனியாகத் தேடிப் பிடிக்கவில்லை. செஸ்டர் கதைக்குப் பின்னால் இருப்பது 1403. வேல்ஸில் ஓவைன் கிளிண்டூர் தலைமையில் கலகம் நடந்துகொண்டிருந்த நேரம், எல்லையோர நகரமான செஸ்டர் பயந்துபோய் வேல்ஸ்காரர்களுக்கு இரவு ஊரடங்கு போட்டது. ஊரடங்கு அம்பாக மாறியது பிறகு சொன்னவர்களின் கைவண்ணம்.

சரி, நிஜமானவை. 1313-ல் இரண்டாம் எட்வர்ட் காலத்துச் சட்டம் ஒன்று, நாடாளுமன்றத்துக்குக் கவசம் அணிந்து வரக்கூடாது என்கிறது. இன்றைக்கும் அது அமலில் இருக்கிறது. அதற்கு முந்தைய வருஷம்தான் பிரபுக்கள் சேர்ந்து அரசரின் நெருங்கிய சகா கேவ்ஸ்டனைப் பிடித்துக் கொன்றிருந்தார்கள். கூட்டத்துக்கு வருகிறவர்கள் படையோடு வந்து உட்கார்ந்தால் அது என்ன ஆலோசனை? அந்த வருஷத்தில் வாழ்ந்திருந்தால் நானும் இந்தச் சட்டத்துக்குக் கை தூக்கியிருப்பேன்.

அப்புறம் எனக்கு ரொம்பப் பிடித்தது 1986-ன் சால்மன் சட்டம், 32-வது பிரிவு. சந்தேகத்துக்கு இடமான சூழ்நிலையில் சால்மன் மீனைக் கையாள்வது குற்றம்! இருட்டில் கோட்டுக்குள் மீனை ஒளித்துக்கொண்டு நழுவுகிற ஆளைக் கற்பனை செய்தால் சிரிப்பை அடக்க முடியாது. ஆனால் விஷயம் நேரானது. ஆற்றில் திருட்டுத்தனமாகப் பிடித்த மீன் என்று சந்தேகப்படக் காரணம் இருந்தும் அதை வாங்குகிறவர், விற்க உதவுகிறவர் எல்லோரும் மாட்ட வேண்டும் என்பதுதான் நோக்கம். திருட்டுப் பொருளை வாங்கக்கூடாது என்ற விதியின் மீன் பதிப்பு.

லண்டனுக்கான 1839 போலீஸ் சட்டத்தையும் ஒரு தடவை முழுதாகப் படியுங்கள். காரணமில்லாமல் அடுத்தவர் வீட்டு மணியை அடித்துத் தொல்லை கொடுக்கக்கூடாது, தெருவில் பனிச்சறுக்குப் பாதை போடக்கூடாது, கம்பளம் உதறக்கூடாது. கால்மிதிக்கு மட்டும் விலக்கு உண்டு, அதையும் காலை எட்டு மணிக்குள் உதறி முடித்துவிட வேண்டும். நெருக்கமான ஒரு நகரத்தின் அன்றாடச் சண்டைகள் முழுக்க அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

ஓலைச்சுவடி பதில்:

நான் ஒன்றே ஒன்று சொல்கிறேன், ஆனால் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது சிரிப்பில் ஆரம்பித்துச் சிரிப்பில் முடிகிற விஷயம் இல்லை.

1817 மே மாதம், பர்மிங்ஹாமுக்குப் பக்கத்தில் எர்டிங்டன் என்ற ஊரில், மேரி ஆஷ்ஃபர்டு என்ற இளம்பெண் தண்ணீர் நிறைந்த ஒரு பள்ளத்தில் பிணமாகக் கிடந்தார். முந்தைய இரவு நடன விருந்தில் அவரோடு இருந்த ஆபிரகாம் தார்ன்டன் மேல் கொலை வழக்கு. ஆகஸ்டில் விசாரணை நடந்தது, ஜூரி சில நிமிடங்களிலேயே குற்றமற்றவர் என்று சொல்லிவிட்டது. ஊர் கொதித்தது. அப்போது ஒரு வழக்கறிஞர் பழைய ஏடுகளைப் புரட்டி ஒரு வழியைக் கண்டெடுத்தார். அரசு தொடுத்த வழக்கில் விடுதலையானாலும், கொலையானவரின் வாரிசு தனிப்பட்ட முறையில் கொலை முறையீடு செய்யலாம் என்ற இடைக்காலச் சட்டம் அப்போதும் ரத்தாகவில்லை. மேரியின் அண்ணன் வில்லியம் அப்படியே முறையிட்டார், தார்ன்டன் மறுபடி கைதானார்.

அவர்கள் பழைய ஏட்டைப் புரட்டினால் எதிர்த் தரப்பு சும்மா இருக்குமா? தனிநபர் முறையீட்டில் சிக்கியவருக்கு அதே காலத்து இன்னொரு உரிமை உண்டு, முறையிட்டவரோடு சண்டையிட்டுத் தன் பக்கத்தை நிரூபிக்கலாம். மன்னர் நீதிமன்றத்தில் உன் பதில் என்ன என்று கேட்டபோது தார்ன்டன், நான் குற்றமற்றவன், என் உடம்பைக் கொண்டே அதை நிரூபிக்கத் தயார் என்று சொல்லி, ஒரு கையுறையை மாட்டிக்கொண்டு இன்னொன்றைக் கழற்றித் தரையில் வீசினார். ரயில் என்ஜின்கள் ஓட ஆரம்பித்துவிட்ட நாட்டில், தலைமை நீதிபதி எல்லன்பரோ முன்னால், ஒரு கையுறை கிடக்கிறது! சட்டப்படி பார்த்தால் சூரியோதயத்தில் ஆரம்பிக்கும் சண்டையில் குற்றம் சாட்டப்பட்டவர் நட்சத்திரம் தெரியும்வரை தாக்குப்பிடித்தாலே போதும், அவர் விடுதலை.

நீதிபதிகள் மாதக்கணக்கில் வாதம் கேட்டார்கள். 1818 ஏப்ரலில் எல்லன்பரோ சொன்னதன் சாரம் இதுதான்: நாட்டின் சட்டம் சண்டைக்குச் சாதகமாக இருக்கிறது, சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று நாங்கள் விரும்புகிறோமோ அப்படிச் சொல்ல முடியாது, இருப்பதைத்தான் சொல்ல வேண்டும். தார்ன்டன் உடல் பலம் உள்ளவர், வில்லியம் அவருக்கு ஈடு கொடுக்கிற ஆள் இல்லை. வில்லியம் சண்டைக்கு வரவில்லை, தார்ன்டன் வெளியே வந்து பிறகு அமெரிக்காவுக்குப் போய்விட்டார். அடுத்த வருஷமே, 1819-ல், நாடாளுமன்றம் அந்த முறையீட்டையும் அந்தச் சண்டையையும் சேர்த்தே ஒழித்தது.

நீதிபதி செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன். சட்டம் கோமாளித்தனமாக இருக்கிறது என்பதற்காக நீதிபதி அதைத் தன் இஷ்டத்துக்குத் தள்ளிவிட ஆரம்பித்தால், நாளைக்கு நல்ல சட்டத்தையும் அப்படித் தள்ளலாம். தப்பு தூங்கிக்கொண்டிருந்த நாடாளுமன்றத்தின் மேல். ஒரு பெண்ணின் சாவுக்கு நியாயம் தேடிப்போன குடும்பம் நானூறு ஐந்நூறு வருஷத்துத் தூசியில் மாட்டிக்கொண்டது எனக்கு இன்றைக்கும் ஆற்றாமையாக இருக்கிறது.

கம்பளிப்பூச்சி பதில்:

பிணத்துக்கு உடை விதி போட்ட சட்டம் தெரியுமா? இங்கிலாந்து, 1666. செத்தவரை ஆட்டுக் கம்பளியில்தான் சுற்றிப் புதைக்க வேண்டும், லினனோ பட்டோ கூடாது. பெட்டியின் உள்ளுறைக்கும் அதே விதி. கொள்ளைநோயில் இறந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. யாரும் மதிக்கவில்லை என்று 1678-ல் இன்னும் இறுக்கினார்கள். புதைத்து எட்டு நாளைக்குள் "கம்பளிதான் போர்த்தினோம்" என்று சத்தியப் பத்திரம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஐந்து பவுண்டு அபராதம். அதில் பாதி ஊர் ஏழைகளுக்கு, மீதிப் பாதி துப்பு கொடுத்தவருக்கு.

காரணம் வெறும் வியாபாரம். கம்பளிதான் நாட்டின் பெரிய தொழில், வெளிநாட்டு லினன் உள்ளே வந்து அதை அடித்துக்கொண்டிருந்தது. உயிரோடு இருக்கிறவர்கள் பேச்சைக் கேட்கவில்லை, எதிர்த்துப் பேசாத வாடிக்கையாளர்களைப் பிடித்தார்கள். பணக்காரர்கள் அபராதத்தைக் கட்டிவிட்டு இஷ்டப்படி புதைத்தார்கள். அந்தத் துப்புக்கூலிக்கு வீட்டு ஆள் ஒருவரே போய்ப் புகார் கொடுத்துப் பாதியை மீட்டுக்கொள்கிற சாமர்த்தியமும் நடந்தது. 1730-ல் நடிகை ஆன் ஓல்ட்ஃபீல்டை வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் பிரஸ்ஸல்ஸ் லேஸ் அலங்காரத்தோடு அடக்கம் செய்தது அந்தக் காலத்தில் ஊரெல்லாம் பேச்சு. சட்டம் ரத்தானது 1814-ல்.

ஸ்காட்லாந்தில் 1457-ல் கால்பந்தையும் கோல்ஃபையும் தடை செய்தார்கள். ஆட்கள் வில் பயிற்சியை விட்டுவிட்டு விளையாடப் போகிறார்கள், இங்கிலாந்துப் படை வந்தால் யார் நிற்பது என்ற கவலை. கோல்ஃப் பிறந்த நாட்டிலேயே கோல்ஃபுக்குத் தடை, இதைவிட ருசியான தகவல் கிடைக்காது.

இருப்புப்பாதை பதில்:

ஓலைச்சுவடி, அருமை. அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொன்று இருக்கிறது, டியோடாண்ட் என்பார்கள். ஒரு பொருளோ பிராணியோ மனித உயிரைப் போக்கினால் அந்தப் பொருளே குற்றவாளி. வண்டி ஏறி ஒருவர் செத்தால் வண்டி, குதிரை உதைத்துச் செத்தால் குதிரை. மரண விசாரணை ஜூரி அதற்கு ஒரு மதிப்புப் போடும், அந்தத் தொகை அரசருக்குப் போகும். தெய்வத்துக்குச் செலுத்துகிற பரிகாரமாக ஆரம்பித்தது என்பார்கள்.

மாட்டு வண்டிக் காலத்தில் இது யாருக்கும் பெரிய பாதகம் இல்லை, ஒரு சக்கரத்துக்குச் சில ஷில்லிங் போடுவார்கள், முடிந்தது. ரயில் வந்தது, எல்லாம் மாறிப்போனது. 1841 டிசம்பர் 24, சானிங் என்ற இடத்தில் மண்சரிவில் ரயில் மோதியது. சரக்கு வண்டிகளுக்கு நடுவே கூரையில்லாத பெட்டிகளில் உட்கார வைக்கப்பட்டிருந்த ஏழைப் பயணிகள் எட்டுப் பேர் அங்கேயே செத்தார்கள், இன்னொருவர் பிறகு. பலர் கட்டட வேலையாட்கள், கிறிஸ்துமஸுக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்தவர்கள். ஜூரி அந்த என்ஜின் மேலும் பெட்டிகள் மேலும் ஆயிரம் பவுண்டு போட்டது! பழைய மூடச் சட்டம் என்று எல்லோரும் நினைத்த ஒன்றைக் கையில் எடுத்து, சாதாரண ஆட்கள் ஒரு பெரிய கம்பெனிக்கு வலிக்கிற மாதிரி அடித்தார்கள். எனக்கு அந்த ஜூரி மேல் பெரிய மரியாதை.

ஆனால் அந்தப் பணம் செத்தவர்களின் வீட்டுக்கு உரிமையாகப் போகாது. அந்தக் கால வழக்கச் சட்டப்படி, அடிபட்டவர் பிழைத்தால் நஷ்டஈடு கேட்கலாம், செத்துவிட்டால் அவர் குடும்பம் எதுவும் கேட்க முடியாது. 1846-ல் நாடாளுமன்றம் டியோடாண்டை ஒழித்தது, அதே ஆண்டில் குடும்பத்தார் வழக்குப் போடலாம் என்ற தனிச் சட்டமும் வந்தது. உலகத்தில் பல நாடுகளில் இன்றைக்கு விபத்து நஷ்டஈடு கேட்கிறோமே, அதன் பழைய வேர்களில் ஒன்று இங்கேதான் இருக்கிறது.

இன்னொன்று எல்லோருக்கும் பாதி தெரிந்தது. 1865 சட்டப்படி சாலையில் தானாக ஓடும் வண்டிக்கு மூன்று பேர் வேண்டும், அதில் ஒருவர் 60 கஜம் முன்னால் சிவப்புக் கொடியோடு நடக்க வேண்டும், வேகம் ஊருக்குள் மணிக்கு 2 மைல், வெளியே 4 மைல். இதை மோட்டார் காருக்குப் போட்டதாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அன்றைக்குக் கார் ஏது? சாலையை உடைத்துக்கொண்டு, குதிரைகளை மிரட்டிக்கொண்டு போன நீராவி இழுவை வண்டிகளுக்காகப் போட்டது அது. 1878-லேயே கொடி கட்டாயம் இல்லை என்றாகிவிட்டது, முன்னால் ஆள் நடப்பது மட்டும் மிச்சம். 1896 நவம்பர் 14-ல் தளர்வு வந்த அன்றைக்கு லண்டனிலிருந்து பிரைட்டனுக்குக் கார் ஓட்டிக் கொண்டாடினார்கள், கிளம்புவதற்கு முன் ஒரு சிவப்புக் கொடியைக் கிழித்துப் போட்டார்கள்.

நிலாமுற்றம்:

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவே இல்லை, எல்லோருக்கும் நன்றி. டியோடாண்டை இரண்டு தடவை படித்தேன். ஒரு சந்தேகம். ரொம்ப காலம் யாரும் தொடாத சட்டம் தானாகவே செத்துப்போகாதா? இன்றைக்கு ஒரு போலீஸ்காரர் 1839-ஐக் காட்டிக் கம்பளம் உதறியவரைப் பிடிக்க முடியுமா?

கல்வெட்டு பதில்:

இங்கிலாந்தில் சாகாது. ரத்து செய்யும்வரை உயிர்தான். ஸ்காட்லாந்தில் மட்டும் 1707-க்கு முந்தைய பழைய சட்டம் நெடுங்காலம் வழக்கொழிந்து கிடந்தால் செயலிழந்துவிட்டதாக நீதிமன்றம் கொள்ளலாம்.

அதனால்தான் பழைய சட்டம் திடீரென்று எழுந்து நிற்கும். 1872-ன் மதுக்கடைச் சட்டம், குடிபோதையில் வண்டி, குதிரை, மாடு, நீராவி என்ஜின் எதையும் பொறுப்பில் வைத்திருக்கக்கூடாது என்கிறது. 1950-ல் இல்ஃப்ரகூம் என்ற ஊரில் ஒருவர் நல்ல போதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார், ஏறி ஓட்டக்கூட இல்லை. அவருக்கு ஒரு மாதச் சிறை. சைக்கிள் இந்தச் சட்டத்துக்குள் வராது என்று மேலே வாதாடினார்கள். சாலையில் குடிகாரர்களால் பிறருக்கு ஆபத்து வரக்கூடாது என்பதுதான் சட்டத்தின் நோக்கம், ஆகவே வரும் என்று தீர்ப்பானது. சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் அந்த வழக்கைப் பாடமாக நடத்துகிறார்கள்.

1735-ன் சூனியச் சட்டம் இன்னும் விசேஷம். சூனியக்காரிகளைக் கொல்வதற்கான சட்டம் என்று நினைக்கிறார்கள், உண்மை நேர் எதிர். சூனியம் என்று ஒன்று இல்லை, இருப்பதாகச் சொல்லி ஏமாற்றுவதுதான் குற்றம் என்று வேட்டையை நிறுத்திய சட்டம் அது. 1944-ல், உலகப் போருக்கு நடுவில், ஆவிகளோடு பேசுவதாகச் சொன்ன ஹெலன் டங்கனை அதன் கீழ் சிறைக்கு அனுப்பினார்கள். பிரதமர் சர்ச்சிலே எரிச்சல்பட்டு, இதற்கு எவ்வளவு செலவானது என்று உள்துறை அமைச்சரைக் கேட்டார். 1951-ல்தான் ரத்து.

ஆகவே களையெடுப்பு தேவை, அதைப் பொறுமையாகச் செய்கிறவர்களை நாம் கொண்டாட வேண்டும். 2013-ல் ஒரே மசோதாவில் 817 சட்டங்களை முழுசாக நீக்கினார்கள், அதில் மிகப் பழையது 1322 வாக்கில் வந்தது.

தெற்குச்சாளரம் பதில்:

எல்லோரும் இங்கிலாந்திலேயே நிற்கிறீர்கள், கொஞ்சம் பிரான்ஸுக்கு வாருங்கள். 1800 நவம்பரில் பாரிஸ் காவல்துறை ஓர் ஆணை போட்டது. ஆண் உடை அணிய விரும்பும் பெண் நேரில் வந்து அனுமதி வாங்க வேண்டும். புரட்சி, சமத்துவம் எல்லாம் முழங்கிய ஊர்! 1892-லும் 1909-லும் விலக்கு கொடுத்தார்கள், சைக்கிளின் கைப்பிடியையோ குதிரையின் கடிவாளத்தையோ பிடித்திருந்தால் கால்சட்டை போடலாமாம். சைக்கிளை நிறுத்திவிட்டுக் கடைக்குள் போனால் குற்றவாளியா என்று கேட்கத் தோன்றுகிறது. 2013 ஜனவரியில்தான் பெண்கள் உரிமைத்துறை அமைச்சர், இது அரசியலமைப்பின் சமத்துவத்தோடு ஒத்துப்போகாது, ஆகவே எப்போதோ செல்லாததாகிவிட்டது என்று எழுத்தில் பதில் கொடுத்தார். இத்தனை வருஷம் யாரும் அதைக் கிழித்துப் போடாதது எனக்குக் கோபம்தான் வரவழைக்கிறது.

சிரிப்புக்கு ஒன்று. ஒயினுக்குப் பேர்போன ஷாட்டோநஃப் டு பாப் ஊரில் 1954-ல் மேயர் ஆணை போட்டார்: பறக்கும் தட்டுகள் ஊருக்கு மேல் பறக்கவோ இறங்கவோ கூடாது, மீறினால் பறிமுதல். அந்த வருஷம் பிரான்ஸ் முழுக்கப் பறக்கும் தட்டுப் பேச்சாகவே இருந்தது, ஊருக்கு நல்ல விளம்பரம். ஆணை இன்னும் எடுக்கப்படவில்லை.

சாவுக்குத் தடை என்ற கதையும் அங்கே நிஜமாகவே உண்டு, நிலாமுற்றம். லெ லவாண்டு ஊரில் 2000-ல், சார்பூரான் கிராமத்தில் 2008-ல், கல்லறையில் இடம் வாங்கி வைக்காதவர்கள் ஊர் எல்லைக்குள் சாகக்கூடாது என்று மேயர்களே ஆணை போட்டார்கள். கல்லறையை விரிவாக்க மேலிடம் அனுமதிக்கவில்லை, அதற்கான எதிர்ப்பு. சார்பூரான் ஆணையில் மீறுபவர்கள் கடுமையாகத் தண்டிக்கப்படுவார்கள் என்றுகூட இருந்தது.

கம்பளிப்பூச்சி பதில்:

உருளைக்கிழங்கை விட்டுவிட்டோமே! மேற்கு ஆஸ்திரேலியாவில் 1946 சட்டப்படி 50 கிலோவுக்கு மேல் கிழங்கு வைத்திருந்தால் கேள்வி வரும், வண்டியை நிறுத்திச் சோதிக்க அதிகாரிகளுக்கு உரிமை இருந்தது. போர்க்காலத் தட்டுப்பாட்டின் மிச்சம். 2016-ல்தான் கைவிட்டார்கள்.

நிலாமுற்றம்:

சார்பூரானுக்கு ஒரு சபாஷ், கல்லறை கேட்டு இதைவிட நல்ல மனு எழுத முடியாது.

என் பங்குக்கு ஒன்று. ரோமின் பழைய சட்டத்தில், கி.மு. 450 வாக்கில் வந்த பன்னிரண்டு பலகைகள் என்ற சட்டத் தொகுப்பின் காலத்திலிருந்து, திருட்டுப் பொருளைத் தேடி ஒருவர் வீட்டுக்குள் நுழைய ஒரு முறை இருந்தது. இடுப்பில் ஒரு துண்டு மட்டும் கட்டியிருக்க வேண்டும், கையில் ஒரு தட்டு ஏந்தியிருக்க வேண்டும். பிற்காலத்துச் சட்ட அறிஞர் கையஸே இது நகைப்புக்குரியது என்று எழுதிவிட்டார். ஆனால் யோசித்துப் பாருங்கள், உடம்பில் துணி இல்லை, இரண்டு கையும் தட்டில். தேடப் போகிறவர் தானே பொருளை ஒளித்துக் கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டு "இதோ கண்டுபிடித்தேன்" என்று கத்த முடியாது. பொய்ச் சாட்சியம் வைக்கிற பயம் அவர்களுக்கும் இருந்திருக்கிறது. கையஸ் சிரித்தாலும் நான் அந்தத் தட்டின் பக்கம்தான்.